ரேஸ்ல ஓடி ரிட்டயர் ஆன கிரேஹவுண்டை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது எப்படி: மெல்பர்ன்ல இருந்து ஒரு முழு வழிகாட்டி

நாங்க இருக்கிறது ஆஸ்திரேலியாவுல, விக்டோரியா மாநிலத்து மெல்பர்ன்ல நோபிள் பார்க். பக்கத்து ஏரியா ஸ்பிரிங்வேல், அங்கதான் சாண்டவுன் பார்க்னு கிரேஹவுண்ட் ரேஸ் ட்ராக் இருக்கு, வியாழக்கிழமை ராத்திரியானா ரேஸ். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்க ஸ்பிரிங்வேல் போகாத தமிழ்க் குடும்பம் இந்தப் பக்கம் கிடையாது, ஆனா அந்த ட்ராக்குல ஓடுற நாய்ங்க ஓட்டம் முடிஞ்சப்புறம் எங்க போகுதுன்னு நானும் பல வருஷம் யோசிச்சதே இல்ல. இப்ப எங்க வீட்டு சோபால ஒண்ணு நாலு காலையும் மேல தூக்கிட்டுத் தூங்குது. கறுப்பு ஆண் நாய், 33 கிலோ, கென்னல்ல, அதாவது ரேஸ் நாய்ங்களை அடைச்சு வளர்க்கிற கொட்டில்ல வச்ச பேரு பெப்பர், எங்க அத்தை அதை மிளகுன்னு ஆக்கிட்டாங்க. வந்து மூணு வருஷம் ஆச்சு. தெரிஞ்சவங்க யாராவது "நாங்களும் ஒண்ணு எடுக்கலாம்னு பாக்குறோம், சொல்லேன்"னு கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் ஃபோன்ல பேச வேண்டியிருக்கு, அதான் மொத்தமா எழுதி வச்சிடலாம்னு.

எனக்கு சொந்த ஊரு சாத்தூர் பக்கம். தாத்தா வீட்டுல சிப்பிப்பாறை நாய் இருந்துச்சு, அதனால கிரேஹவுண்ட்னா எனக்குத் தெரியாதா, அதே ஒல்லி உடம்பு அதே நீள மூஞ்சின்னு ஒரு தெனாவட்டோடதான் போனேன். பாதி உதவுச்சு, பாதி ஏமாத்திருச்சு. ஏன்னா தாத்தா வீட்டு நாய் ஆட்டுக்குட்டி, கோழி, சின்னப் பசங்க, அடுப்பங்கரை எல்லாத்துக்கும் நடுவுல வளர்ந்தது. இந்த நாய்க்கு நாலு வயசு வரைக்கும் வீடுன்னா என்னன்னே தெரியாது. நீங்க கூட்டிட்டு வர்றது நல்லா வளர்ந்த, ஒழுக்கமான, ஆனா வீட்டுக்குள்ள பச்சைக் குழந்தை மாதிரி முழிக்கிற ஒரு பெரிய நாய். கீழ எழுதியிருக்கிற எல்லாமே அதுல இருந்து வர்றதுதான்.

முதல்ல, அது எப்படி வளர்ந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க

பண்ணையில ஒரே ஈத்துக் குட்டிங்களோட வளரும், ஒரு வயசு வாக்குல ட்ரெயினிங், அப்புறம் ரேஸ். இங்க ஒரு ரேஸ்ல எட்டு நாய், ஒவ்வொண்ணுக்கும் நம்பருக்கு ஏத்த கலர்ல துணி, 1 சிவப்பு, 8 பிங்க். மிளகு பிங்க்ல ஓடின வீடியோ ஒண்ணு இருக்கு, ஏழாவதா வந்தான். சாண்டவுன்ல 515 மீட்டர்னா அரை நிமிஷம்தான் ஓட்டம். இந்த அரை நிமிஷத்துக்காக மீதி நேரமெல்லாம் கென்னல். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு வெளிய விடுறது, ராத்திரி பகல் எப்பவும் பக்கத்துல இன்னொரு நாய். அப்புறம் வேகம் குறைஞ்சாலோ, கால்ல அடிபட்டாலோ, இல்ல முன்னாடி ஓட விடுற பொம்மையைத் துரத்தவே இஷ்டமில்லாம இருந்தாலோ ரிட்டயர்மென்ட். நாலஞ்சு வயசுல வர்றதும் உண்டு, ரெண்டு வயசுலயே வர்றதும் உண்டு. ஆயுசு 10ல இருந்து 14 வருஷம், அதனால ரிட்டயர்டுன்னதும் கிழட்டு நாய்னு நினைச்சுக்காதீங்க.

அதனால அதுக்குத் தெரிஞ்சது: லீஷ்ல நடக்க, வண்டியில போக, டாக்டர் மேஜையில அசையாம நிக்க, வாய்க்கூடு போட்டுக்க. தெரியாதது: மாடிப்படி, கண்ணாடிக் கதவு, வழுக்குற டைல்ஸ், டிவி, மிக்ஸி, வாக்யூம் க்ளீனர், தனியா இருக்கிறது. எங்க வீட்டு மிக்ஸி முதல் நாள் சட்னிக்கு ஓடினப்ப மிளகு லாண்ட்ரிக்குள்ள போய் வாஷிங் மெஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல சொருகிக்கிட்டான், அரை மணி நேரம் வெளிய வரல.

ரேஸைப் பத்தி ஒரு வார்த்தை. 2015ல உயிருள்ள பிராணிகளை வச்சு நாய்களைப் பழக்குறாங்கன்னு டிவியில வெளியானப்ப இந்த நாடே கொதிச்சுச்சு, 2016ல நியூ சவுத் வேல்ஸ் அரசு ரேஸையே தடை பண்றோம்னு அறிவிச்சிட்டு சில மாசத்துலயே பின்வாங்கிருச்சு, கான்பெரா இருக்கிற ஏசிடியில 2018ல நிஜமாவே தடை வந்துச்சு, நியூசிலாந்துல 2026 ஜூலையோட நிறுத்துறதா 2024 டிசம்பர்ல அறிவிச்சாங்க. அமெரிக்காவுல ஃப்ளோரிடா மக்கள் 2018ல ஓட்டுப் போட்டு 2020 கடைசியோட மூடினாங்க. எனக்கு ரேஸ் பிடிக்காது, காசு கட்டிப் பாக்க ஒருநாளும் போக மாட்டேன். ஆனா நாயை எடுக்கிறதும் ரேஸை ஆதரிக்கிறதும் வேற வேற, ஓட்டம் முடிஞ்ச நாய்க்கு இடம் வேணும், அவ்ளோதான்.

உங்க வீட்டுக்கு ஒத்து வருமா

எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "இவ்ளோ வேகமா ஓடுற நாயை எப்படி சமாளிக்கிறது?" சமாளிக்கவே வேண்டாம், அது ஒரு நாளைக்கு 16, 18 மணி நேரம் தூங்கும். காலையில 25 நிமிஷம், சாயங்காலம் 25 நிமிஷம் நடந்தா போதும். ஃப்ளாட்ல இருக்கிறவங்களுக்கு லேப்ரடாரை விட இதுதான் லாயக்குன்னு நான் சொல்லுவேன். குரைக்கிறதும் ரொம்பக் கம்மி. காவலுக்கு நாய் வேணும்னா இது வேலைக்கு ஆகாது, திருடன் வந்தா எழுந்து வாலாட்டிட்டு சோபால இடம் குடுக்கும்.

ஒத்து வராத வீடும் இருக்கு. கோழி, முயல் வளர்க்கிறீங்கன்னா யோசிக்கவே வேண்டாம், விட்டுருங்க. பூனை இருந்தா, பூனையோட வச்சு சோதிச்ச நாயான்னு கேட்டுத்தான் எடுக்கணும், சில கிரேஹவுண்ட் பூனையைக் கண்டுக்கவே கண்டுக்காது, சிலது உயிரே போனாலும் துரத்தும், மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சின்ன ஜாதி நாய்ங்களுக்கும் இதே கதை, கிரேஹவுண்ட் தவிர வேற ஜாதி நாயையே பார்க்காம வளர்ந்திருக்கும், வெள்ளையா புசுபுசுன்னு ஒண்ணு குதிச்சு வந்தா அதை நாய்னு அதுக்குத் தெரியணும்ல. வீட்டுல எல்லாரும் காலைல எட்டு மணிக்குப் போய் சாயங்காலம் ஆறு மணிக்கு வர்றவங்கன்னாலும் கஷ்டம், அதைப் பத்தி கீழ தனியா எழுதியிருக்கேன்.

பின்கட்டு இருந்தா வேலியை ஒரு தடவை சுத்திப் பாருங்க. அஞ்சடி உயரம் இருந்தா நிம்மதி, கேட் தாழ்ப்பாள் உறுதியா இருக்கணும், நீச்சல் குளம் இருந்தா அதுக்கும் தடுப்பு வேணும், இதுங்க உடம்புல கொழுப்பே இல்லாததால நீந்துறது சுமார்தான்.

விண்ணப்பம், சட்டம், காகிதம்

விக்டோரியாவுல ரேஸ் வாரியமே நடத்துற கிரேஹவுண்ட் அடாப்ஷன் ப்ரோக்ராம், சுருக்கமா கேப்னு சொல்லுவாங்க, சீமோர் ஊர்ல அதோட மையம் இருக்கு. அது போக ரேஸ் ஆளுங்களோட சம்பந்தமே இல்லாத தன்னார்வலர் குழுக்களும் நிறைய. ஆன்லைன்ல ஃபார்ம் நிரப்பணும், அப்புறம் ஃபோன்ல பேசுவாங்க, வீட்டுல யாரு யாரு, குழந்தைங்க வயசு, வேலை நேரம், வேலி, வேற பிராணி எல்லாம் கேப்பாங்க. பொய் சொல்லாதீங்க, அவங்க உங்களுக்குப் பொருந்துற நாயைத்தான் தேடுறாங்க. ஃபோட்டோல அழகா இருக்குன்னு இதுதான் வேணும்னு அடம் பிடிச்சவங்க கதையெல்லாம் எனக்குத் தெரியும்.

முடிஞ்சா முதல்ல ஃபாஸ்டர் பண்ணுங்க, அதாவது சில வாரம் வீட்டுல வச்சுப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்றது. ஃபாஸ்டர் வீட்டுல இருக்கிற நாயை எடுத்தா இன்னும் நல்லது, ஏன்னா அங்க இருக்கிறவங்ககிட்ட நேரா கேக்கலாம். தனியா விட்டா என்ன பண்ணுது, படுத்திருக்கும்போது கிட்ட போனா உறுமுதா, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல ஆள் வந்தா எப்படி இருக்கு, படி ஏறுதா, பழைய காயம் எங்கயாவது இருக்கா, பல் க்ளீன் பண்ணியாச்சா. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், தடுப்பூசி, மைக்ரோசிப் எல்லாம் வழக்கமா அவங்களே பண்ணித்தான் குடுப்பாங்க, ஆனாலும் பேப்பரைக் கையில வாங்கிக்கோங்க.

சட்டம் சுருக்கமா. விக்டோரியாவுல 2019 ஜனவரி 1ல இருந்து வீட்டுல வளர்க்கிற கிரேஹவுண்டுக்கு வெளிய போகும்போது வாய்க்கூடு கட்டாயம் இல்ல, நியூ சவுத் வேல்ஸ்ல அதே வருஷம் ஜூலைல இருந்து. ஆனா இங்க லீஷ் கட்டாயம். கவுன்சில்ல பதிவு பண்ணி வருஷா வருஷம் ஏப்ரல் 10க்குள்ள புதுப்பிக்கணும். வாடகை வீடுன்னா 2020 மார்ச்ல இருந்து சட்டம் நம்ம பக்கம், ஃபார்ம்ல எழுதிக் கேளுங்க, முடியாதுன்னா வீட்டுக்காரர் 14 நாளைக்குள்ள ட்ரைபியூனல் போகணும், சும்மா வாயால வேண்டாம்னு சொல்லிட முடியாது.

நாய் வர்றதுக்கு முன்னாடி வீட்டுல இருக்க வேண்டியது

மார்ட்டிங்கேல் காலர். இதுதான் ரொம்ப முக்கியம். கிரேஹவுண்டுக்குக் கழுத்தை விட தலை சின்னது, சாதாரணக் காலர் போட்டா பயந்து பின்னாடி ஒரு இழு இழுத்ததும் உருவிக்கிட்டு வந்துடும், நாய் ரோட்டுல, காலர் உங்க கையில. மார்ட்டிங்கேல் இழுத்தா அளவோட இறுகும், ஆனா மூச்சைப் பிடிக்காது. நாலஞ்சு செண்டிமீட்டர் அகலமா வாங்குங்க. லீஷ் ரெண்டு மீட்டருக்கு மேல வேண்டாம், சர்ருன்னு நீண்டு சுருங்குற லீஷ் வேண்டவே வேண்டாம். நாலஞ்சு பாய்ச்சல்ல மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொடுற நாய், கயிறு முடியுற இடத்துல என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க, கழுத்தும் போகும், உங்க தோளும் போகும்.

மெத்தை நல்லா தடிமனா. இதுக்கு முழங்கையில சதையே இல்ல, வெறும் தரையில படுத்தா புண்ணாயிடும். கடையில நாய் மெத்தைன்னு விக்கிறதெல்லாம் ரெண்டு மாசத்துல தட்டையாயிடுது, எங்க அத்தை "ஊர்ல ஒரு இலவம்பஞ்சு மெத்தை தச்சா தீந்துச்சு"ன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க. கடைசியில பழைய ரஜாய் மூணை அடுக்கி மேல உறை தச்சோம், அதுதான் நிக்குது.

குளிருக்குக் கோட்டு ரெண்டு, ஒண்ணு மழைக்கு. வழுக்குற தரைக்கு யோகா மேட்டோ நீள மிதியடியோ. குழந்தைங்களுக்குப் போடுற தடுப்பு கேட் ரெண்டு, ஒண்ணு கிச்சனுக்கு, ஒண்ணு நாங்க பூஜை ரூமுக்குப் போட்டோம். வாய்க்கூடு ஒண்ணு, கூடை மாதிரி இருக்கிறது, அது போட்டுட்டே தண்ணி குடிக்கலாம், மூச்சு வாங்கலாம், வேத்து நாயோட முதல் சந்திப்புக்கு நமக்கும் தைரியமா இருக்கும். மூத்திரக் கறைக்குன்னு என்சைம் க்ளீனர் விக்கிறாங்க, அது ஒரு பாட்டில், ஃபினாயில் ஊத்தினா நம்ம மூக்குக்குத்தான் வாசனை போகும், அதுக்கு இடம் தெரியும்.

முதல் வாரம்

ரெண்டு நாள் லீவு போடுங்க, வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வந்தா சௌகரியம். ஆனா சொந்தக்காரங்களைக் கூப்பிடாதீங்க. நாங்க அந்தத் தப்பைப் பண்ணினோம், முதல் சனிக்கிழமையே பன்னெண்டு பேரு வந்து "தொடலாமா, கடிக்குமா, ஏன் இவ்ளோ ஒல்லி"ன்னு சுத்தி நின்னாங்க, நாய் சிலை மாதிரி நடு ஹால்ல நின்னு நடுங்கிட்டு இருந்துச்சு, நான் அதைப் பார்த்து "பாரு எவ்ளோ சாது"ன்னு பெருமைப்பட்டேன். சாதுவா அது, பயத்துல விறைச்சு நின்னுச்சு. எனக்குப் புரியவே ஒரு வாரம் ஆச்சு.

வந்ததும் வீட்டுக்குள்ள விடாம நேரா பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க மூத்திரம் போற வரைக்கும் நில்லுங்க, போனதும் ஒரு துண்டு சிக்கன். அப்புறம் லீஷோடயே வீட்டை ஒரு ரவுண்டு காட்டுங்க, ஒவ்வொரு ரூமா, அவசரமில்லாம. கண்ணாடிக் கதவு கிட்ட நிறுத்தி விரலால தட்டிக் காட்டுங்க. எங்க வீட்டுல பின்பக்கம் பெரிய ஸ்லைடிங் கண்ணாடி, அதுல நாய் மூக்கு உயரத்துக்கு நவராத்திரிக்கு வாங்கி மிச்சமிருந்த கோல ஸ்டிக்கரை வரிசையா ஒட்டினேன். முதல்ல என் கண் மட்டத்துக்கு ஒட்டிட்டு, மிளகு மண்டையை இடிச்சப்புறம்தான் குனிஞ்சு அவன் உயரத்துக்கு ஒட்டினேன்கிறது வேற விஷயம்.

டாய்லெட்டுக்கு முதல் சில நாள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும். கென்னல்ல தன் இடத்தை அசிங்கம் பண்ணாம பழகினதுனால சீக்கிரமே பிடிச்சுக்கும். ஆண் நாய் சோபா காலைப் பார்த்து மோந்துட்டு ஒரு காலைத் தூக்க ஆரம்பிச்சா திட்டாதீங்க, "வாடா வாடா வெளிய"ன்னு கூட்டிட்டு ஓடுங்க. திட்டினா ஒளிஞ்சு போகக் கத்துக்கும்.

மாடிப்படிக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடி, பின்னாடி இருக்கிறவங்க இடுப்புக்குக் கீழ கையைக் குடுத்து ஒவ்வொரு காலா எடுத்து வைக்கணும். ஏறுறது ரெண்டு நாள்ல வந்துடும். இறங்கத்தான் நேரமாகும், பயத்துல மொத்தப் படியையும் ஒரே தாவுல தாண்டப் பாக்கும், கால் உடையுறதே அங்கதான், அதனால நல்லாப் பழகுற வரைக்கும் மேல கேட்டைப் போட்டு வைங்க.

உட்காருன்னு சொல்லிக் குடுக்க ரொம்ப மெனக்கெடாதீங்க, தொடைச் சதை இறுகிப் போயிருக்கும், உட்கார்றது பல கிரேஹவுண்டுக்கு சௌகரியமே இல்ல. மிளகு நிப்பான், இல்ல படுப்பான், நடுவுல ஒண்ணும் கிடையாது.

தூங்குற நாயைத் தொடக்கூடாது

குழந்தை இருக்கிற வீடு இதை ரெண்டு தடவை படிங்க. கென்னல்ல இது தனியா தன் அடைப்புக்குள்ள தூங்கின நாய், தூக்கத்துல யாரும் வந்து கட்டிப் பிடிச்சதில்ல. அதுலயும் சிலது கண்ணைத் திறந்துகிட்டே தூங்கும், முழிச்சிருக்குன்னு நினைச்சு நாம போய்த் தொட்டா திடுக்கிட்டு வள்ளுன்னு வாயைத் திறக்கும். கோவத்துல இல்ல, எங்க இருக்கோம்னே தெரியாம பண்றது, ஆனா கிட்ட குழந்தை மூஞ்சி இருந்தா எதுவா இருந்தா என்ன.

எங்க பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு. ரெண்டாவது வாரம், ஹால்ல படுத்திருந்தவன் மேல பூனை பொம்மையை வைக்கப் போயிருக்கா. ஒரு உறுமல், பல்லு காத்துல கடக்குன்னு மோதுற சத்தம், நான் கையில தோசைக் கரண்டியோட ஓடினேன். பல்லு படல. ரெண்டு பேருமே பயந்து ஆளுக்கொரு மூலையில உட்கார்ந்திருந்தாங்க. அன்னிக்கு ராத்திரியே தரையில மாஸ்கிங் டேப் ஒட்டி மெத்தையைச் சுத்தி ஒரு கட்டம் போட்டோம், அந்தக் கட்டத்துக்குள்ள நாயைத் தவிர யாருக்கும் அனுமதி இல்ல, பக்கத்து வீட்டுப் பசங்க வந்தாலும் அதே சட்டம். எழுப்பணும்னா நாலடி தள்ளி நின்னு பேரைச் சொல்லணும், காது அசையணும், தலை தூக்கணும், அப்புறம்தான் கிட்ட போறது. டேப் உரிஞ்சு ரெண்டு வருஷமாச்சு, பொண்ணு இன்னும் நாலடி தள்ளி நின்னுதான் "மிளகூ"ங்கிறா.

தனியா இருக்கப் பழக்குறது

பொறந்ததுல இருந்து பக்கத்துல நாய் மூச்சு விடுற சத்தத்தோட தூங்கினது, முதல் தடவையா ஒரு காலி வீட்டுல தனியா. ஊளை விடும், கதவைப் பிராண்டும், ஜன்னல் திரையைக் கிழிக்கும். இதை லீவு இருக்கும்போதே ஆரம்பிச்சிடணும், கூடவே உட்கார்ந்து கொஞ்சிட்டு பத்தாவது நாள் சட்டுனு எட்டு மணி நேரம் விட்டுட்டுப் போனீங்கன்னா அதோட தப்பில்ல.

முதல் நாளே பாத்ரூம் போகும்போது கதவைச் சாத்துங்க, பின்னாடியே வரும், வரட்டும், வெளிய நிக்கட்டும். அப்புறம் சாவியை எடுத்து வாசல் கதவைத் திறந்து சாத்திட்டு உடனே உள்ள வாங்க. பத்து செகண்ட். அப்புறம் அரை நிமிஷம், ரெண்டு நிமிஷம், குப்பைத் தொட்டியை வெளிய வச்சிட்டு வர்ற நேரம். போகும்போது டாட்டா, வரும்போது கொஞ்சல் எதுவும் வேண்டாம். பழைய ஃபோனை கேமராவா வச்சுப் பாருங்க, ஊளை விட ஆரம்பிச்ச நேரத்தைக் குறிச்சுக்கிட்டு அடுத்த தடவை அதுக்கு முன்னாடியே திரும்பி வந்துடணும். எங்களுக்கு மூணு மணி நேரம் தொட அஞ்சு வாரம் ஆச்சு. ரேடியோ போட்டா உதவும்னு சொல்றாங்க, எங்க வீட்டுல அத்தை கந்த சஷ்டி கவசத்தைப் போட்டு விட்டாங்க, அது முடியறதுக்குள்ள தூங்கிடுறான், காரணம் கவசமா பழக்கமா தெரியாது, அத்தை கிட்ட கேட்டா "பைரவர் இல்லையா பின்ன"ன்னுவாங்க.

நடை

வீட்டை விட்டு நல்லா நடந்து வந்துட்டு நடு ரோட்டுல திடீர்னு நின்னுடும். இழுத்தாலும் வராது, 33 கிலோ கல்லு. கிரேஹவுண்ட் வச்சிருக்கிற எல்லாருக்கும் இது நடந்திருக்கும். பயமா இருக்கலாம், புதுச் சத்தமா இருக்கலாம், சும்மா வீம்பாவும் இருக்கலாம். இழுக்காதீங்க. வந்த வழியே ரெண்டு அடி திரும்பி, ஒரு அரைவட்டம் அடிச்சு மறுபடியும் போற திசைக்கு வாங்க, பெரும்பாலும் நகந்துடும். முதல் ரெண்டு வாரம் ஒரே தெரு, ஒரே நேரம், சின்ன நடை போதும்.

லீஷைக் கழட்டலாமான்னு கேக்காதீங்க. எவ்ளோ சொன்ன பேச்சு கேட்டாலும், எத்தனை வருஷம் ஆனாலும், நாய்களை அவுத்து விடுற பார்க்கா இருந்தாலும் கழட்டக்கூடாது. அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு முயல் அசைஞ்சா இதுக்குக் கண்ணு போயிடும், காது அடைச்சுடும், நடுவுல ரோடு இருக்கிறதே தெரியாது. ஓட விடணும்னு ஆசையா இருந்தா சுத்தி வேலி போட்ட மைதானத்தை மணிக்கணக்குல வாடகைக்கு விடுறாங்க, அங்க விட்டா ரெண்டு ரவுண்டு பறந்துட்டு மூணாவது ரவுண்டு உங்க காலடியில வந்து விழுந்துடும். ராத்திரி பின்கட்டுக்கு விடும்போது வேலி மேல பாஸம் (ராத்திரியில சுத்துற, மரம் ஏறுற இந்த ஊர்ப் பிராணி) இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு விடுங்க, அப்படிப் பாக்காம விட்டதுல மிளகுக்கு தொடையில ஏழு தையல். பாஸம் ஒண்ணும் பண்ணல, இவனேதான் வேலியில போய் உரசினான். இதுங்க தோல் பேப்பர் மாதிரி, மத்த நாய்க்குக் கீறலா போறது இதுக்குக் கிழிசல்.

வெயில் 30 டிகிரி தாண்டுச்சுன்னா காலையில விடியறதுக்கு முன்னாடியே நடையை முடிங்க. குளிர் 10க்குக் கீழ போனா கோட்டு.

சாப்பாடு

பழைய இடத்துல என்ன சாப்பிட்டுச்சுன்னு கேட்டு அதையே முதல் வாரம் குடுங்க, அப்புறம் புதுசைக் கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஒரு வாரம் பத்து நாள்ல மாத்துங்க, சட்டுனு மாத்தினா பேதிதான். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு ஓட்டம் ஆட்டம் எதுவும் வேண்டாம், நெஞ்சு ஆழமான நாய்க்கு வயிறு உப்பி முறுக்கிக்கிற ஆபத்து இருக்கு. வாயு பிரியும், மன்னிக்கணும், ரூமே காலியாகும், அதுக்கு மருந்து எனக்குத் தெரியல.

ஒல்லியா இருக்கேன்னு பரிதாபப்பட்டு ஊட்டாதீங்க. நம்ம ஆளுங்க யார் வந்தாலும் முதல் வார்த்தை "ஏம்மா, இதுக்கு சோறே போடறதில்லையா?" கடைசி ரெண்டு மூணு விலா எலும்பு லேசாத் தெரியணும், அதுதான் சரியான எடை. ரேஸ் எடையை விட ஒண்ணு ரெண்டு கிலோ ஏறினா போதும், அதுக்கு மேல ஏத்தினா மூட்டுக்குக் கேடு.

நம்ம சமையலறை இதுக்கு ஆபத்தான இடம். வெங்காயம், பூண்டு ஆகவே ஆகாது, அதனால சாம்பார் சாதம், குழம்பு, நம்ம கோழி வறுவல் எதுவும் கிடையாது. திராட்சை, உலர் திராட்சை சிறுநீரகத்தைக் காலி பண்ணிடும், பாயசம் வைக்கிற அன்னிக்கு கிச்சன் கேட் பூட்டு. சாக்லேட், மக்கடேமியா கொட்டை, சர்க்கரை இல்லாத சூயிங்கம், வேக வச்ச எலும்பு, மாங்கொட்டை எல்லாம் எட்டாத இடத்துல. எட்டாத இடம்னா, இது பின்னங்கால்ல நிக்காமலே கிச்சன் மேடையில மூக்கை வைக்கும், ஞாபகம் இருக்கட்டும். தீபாவளிக்கு ஆற வச்சிருந்த பதினாலு உளுந்த வடையை நான் ஃபோன் எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிச்சிட்டான், நல்லவேளை வெங்காயம் போடாத வடை. தயிர் சாதம் கொஞ்சம் குடுப்பேன், அது அவன் உரிமைன்னு ஆயிருச்சு.

டாக்டர் விஷயம்

கிரேஹவுண்ட் பார்த்துப் பழகின டாக்டராத் தேடுங்க, பத்து கிலோமீட்டர் கூடுதலா போனாலும் பரவாயில்ல. ஏன்னா இதோட ரத்தக் கணக்கே வேற. சிவப்பணு மத்த நாயை விட அதிகமா இருக்கும், பிளேட்லெட் கம்மியா இருக்கும், கிரியாட்டினின் கொஞ்சம் கூட இருக்கும், தைராய்டு டி4 கம்மியா இருக்கும், இது எல்லாமே இதுக்கு நார்மல். ஒரு கிளினிக்ல மிளகோட ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு தைராய்டு கம்மி, ஆயுசுக்கும் மாத்திரைன்னு எழுதிட்டாங்க. தொடை முடி கொட்டியிருக்கிறதையும் சாட்சியா காட்டினாங்க, தொடை சொட்டையா இருக்கிறது பாதி கிரேஹவுண்டுக்கு உண்டு. இன்னொரு டாக்டர் பார்த்து ஒண்ணுமில்லைன்னு அனுப்பினாங்க.

மயக்க மருந்து அடுத்தது. பழைய பார்பிச்சுரேட் வகை, தயோபென்டோன் மாதிரி, இதுங்க ஈரல் மெதுவாத்தான் உடைக்கும், கொழுப்பும் இல்ல, முழிக்க ரொம்ப நேரமாகும். இப்ப வேற மருந்து இருக்கு, கிரேஹவுண்ட்னு ஞாபகப்படுத்தினா போதும். ஆபரேஷன் ஆகி ரெண்டு நாள் கழிச்சுக் கூட ரத்தக் கசிவு ஆரம்பிக்கிறது இந்த ஜாதியில உண்டு, அதைத் தடுக்க ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாதிரி மருந்து குடுப்பாங்க, ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டு வைங்க.

பல் ரொம்ப மோசமா வரும், தினமும் தேய்க்கணும், நாய் பேஸ்ட்லதான், நம்ம பேஸ்ட் கூடாது. அப்புறம் கால் ஆணி. ஆமா, நமக்கு வர்ற அதே மாதிரிதான், பாதத்துல வட்டமா கெட்டியா வரும். புல்லுல நல்லா நடந்துட்டு சிமென்ட் தரையில மட்டும் நொண்டினா முதல்ல பாதத்தைத் திருப்பிப் பாருங்க, சும்மா எக்ஸ்ரே எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். ஆனா ஆறேழு வயசுக்கு மேல காரணமே தெரியாம நொண்டல் விடாம இருந்துச்சுன்னா எக்ஸ்ரே கட்டாயம் எடுங்க, எலும்புப் புத்துநோய் இதுங்களுக்கு மத்த ஜாதியை விட அதிகம்.

ஒத்து வரலைன்னா

எல்லாம் பண்ணியும் சில வீட்டுல ஒத்து வராது, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. கொண்டு வந்த இடத்துக்கே ஃபோன் பண்ணுங்க, திருப்பி எடுத்துப்பாங்க, கையெழுத்துப் போட்ட பேப்பர்லயே அது இருக்கான்னு முதல்லயே பார்த்துக்கோங்க. தெரிஞ்சவங்களுக்குத் தள்ளி விடுறது, ஆன்லைன்ல இலவசம்னு போடுறது மட்டும் வேண்டாம். முதல் மூணு மாசத்தை வச்சு முடிவு பண்ணாதீங்கன்னும் சொல்லுவேன், மிளகு முதல் தடவை பொம்மையைத் தூக்கிப் போட்டு விளையாடினதே அஞ்சாவது மாசம்தான், அதுவரைக்கும் அவனுக்கு விளையாட வராதுன்னே நினைச்சிருந்தோம்.

சொல்ல மறந்துட்டேன், கூட்டிட்டு வரப் போகும்போது கார் பின்சீட்டை மடக்கிட்டு பழைய பெட்ஷீட் ரெண்டு விரிச்சுட்டுப் போங்க, சீட்டுல உட்காரத் தெரியாது, வளைவுல நின்னுகிட்டே விழும். சீமோர்ல இருந்து எங்க வீடு ஒன்றரை மணி நேரம், வழி முழுக்க நின்னுட்டே வந்தான், அத்தை பின்னாடி உட்கார்ந்து அவன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க.